கழுத்து அடிபட்ட தம்பியை சென்னைக்கு தீவிர பிஸியோவுக்கு கொண்டுபோன கதை: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

முதல்லயே ஒண்டு சொல்லிடுறன். சாதாரண கழுத்து நோ, கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து வந்த பிடிப்பு, எம்ஆர்ஐ ரிப்போட்டில டிஸ்க் கொஞ்சம் தள்ளியிருக்கு எண்டு எழுதினது, இதுக்கெல்லாம் பிளேன் ஏறத் தேவையில்லை. கொழும்பிலயே வடிவா பாக்கிற பிஸியோ ஆக்கள் இருக்கினம், ஒழுங்கா பயிற்சி செய்தா கனபேருக்கு அதோடயே சுகம் வரும். வெள்ளவத்தையில ஆருக்கும் கை விறைக்குது எண்டு சொன்னா உடன "இந்தியாவுக்கு போங்கோ" எண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம், அதால தான் முன்னுக்கே எழுதுறன். நான் சொல்லப்போறது கழுத்தெலும்பு உடைஞ்சு முதுகுத்தண்டு நரம்பும் அடிபட்டு கை வேலை செய்யாமப் போன கேஸ். போன இடத்தின்ர பேரை வேணுமெண்டே விடுறன், ஏனெண்டா நல்லதும் எழுதப்போறன் குறையும் எழுதப்போறன்.

என்ர தம்பிக்கு புறக்கோட்டையில துணிக்கடை. தெஹிவளைப் பக்கம் மோட்டசைக்கிள்ல வரேக்க நாய் குறுக்க வந்து விழுந்தவன், முகம் றோட்டில அடிபட்டு கழுத்து பின்னுக்கு மடிஞ்சிட்டுது. சுத்தி நிண்ட ஆக்கள் தூக்கி இருத்தப் பாத்தவை, பக்கத்து தேத்தண்ணிக் கடைக்காரர் தான் "தொடாதீங்கோ, 1990க்கு அடிங்கோ" எண்டு சத்தம் போட்டு நிப்பாட்டினவர். அந்த மனுசனுக்கு நாங்கள் வாழ்நாள் முழுக்க கடன்பட்டிருக்கிறம். 1990 ஆம்புலன்ஸ் வந்து கழுத்துக்கு கொலர் போட்டு பலகையில கட்டி ஒரு சதம் வாங்காம ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனது. இதை வாசிக்கிற எல்லாரும் அந்த நம்பரை போன்ல போட்டு வையுங்கோ, கழுத்து அடிபட்ட ஆளை திரீவீல்ல ஏத்திக்கொண்டு ஓடாதீங்கோ.

சி5-சி6 இடத்தில, அதாவது கழுத்தில அஞ்சாவது ஆறாவது முள்ளெலும்பு இடத்தில உடைவு, முதுகுத்தண்டு நரம்பு வீங்கியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியிலயே முன்பக்கத்தால திறந்து பிளேட் வைச்சு ஸ்க்ரூ அடிச்சு ஒப்பரேஷன் செய்தவை, அதுக்கும் காசில்லை. தண்டு நரம்புக்குள்ள நடுப்பகுதி அடிபட்டா காலைவிட கை தான் கூடப் பாதிக்குமாம், திரும்பி வரேக்கயும் முதல்ல கால், பிறகு சலம் போறது, பிறகு தோள் முழங்கை, கடைசியா தான் விரல் எண்டு டொக்டர் படம் கீறி விளங்கப்படுத்தினவர். அப்பிடியே தான் நடந்தது. ஒரு மாசத்துக்குள்ள பிடிச்சுப் பிடிச்சு நடக்கத் தொடங்கிட்டான், ஆனா சேர்ட் பட்டன் போட ஏலாது, கரண்டி பிடிக்க ஏலாது, ரெண்டு உள்ளங்கையும் நெருப்பில வைச்ச மாதிரி எரியுது எண்டு இரவில நித்திரை இல்லை. வெளியால பாக்கிறவை "நடக்கிறார் தானே, பிறகென்ன" எண்டு கேப்பினம். துணி வெட்டிற கை வேலை செய்யாட்டி அவனுக்கு என்ன இருக்கு?

வீடு வந்த பிறகு ஒரு பிரைவேட் இடத்தில கிழமைக்கு ரெண்டு நாள் பிஸியோ. போனா ஹொட் பாக் வைப்பினம், கரண்ட் மெசின் போடுவினம், பிறகு ஒரு பந்தைக் கையில குடுத்து அமத்தச் சொல்லிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவினம். இருவது நிமிசம் தான். கையில உணர்ச்சி குறைஞ்ச ஆளுக்கு ஹொட் பாக் வைக்கேக்க தோல் சுடுதோ எண்டு பாக்க வேணும், அதைக்கூட நான் தான் பக்கத்தில நிண்டு பாத்தனான். இந்த மாதிரி காயத்தில முதல் ஆறு மாசம் தான் கூட முன்னேற்றம் வாற காலம், அதுக்குப் பிறகும் வரும், ஆனா மெதுவா தான் வரும். அந்த நாளெல்லாம் ஹொட் பாக்கில போகுது எண்டு எனக்கு நெஞ்சு பதறிச்சு. இஞ்ச றாகமையில அரசாங்கத்தின்ர புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கு, முதுகுத்தண்டு காயத்துக்கெண்டே அனுபவம் உள்ள இடம், வெளிநாட்டுக்கு யோசிக்க முதல் உங்கட சர்ஜனிட்ட அங்க அனுப்ப ஏலுமா எண்டு கட்டாயம் கேளுங்கோ. எங்களுக்கு சென்னையில தங்க சொந்தக்காரர் இருந்தவை, கைக்கெண்டு நாள் முழுக்க வேலை செய்யிற இடம் ஒண்டும் தெரிய வந்தது, அதால தான் அந்த முடிவு.

இடம் தெரிவு செய்த விதத்தை கொஞ்சம் விரிவா சொல்றன். சில இடங்களுக்கு வாட்ஸ்அப்பில ரிப்போட் அனுப்பினம். ஒரு இடம் ரிப்போட்டைத் திறந்தும் பாக்காம "ஃபுல் ரெக்கவரி வந்துடும் மேடம், டிக்கெட் போடுங்க" எண்டு சொன்னது, அதை அப்பவே விட்டிட்டன். கடைசியா போன இடம் எங்களைத் தான் கேள்வி கேட்டது. எந்த லெவல்ல பிளேட், சர்ஜன் கொலரைக் கழட்டலாம் எண்டு எழுதித் தந்தவரா, அண்மையில எடுத்த எக்ஸ்ரே இருக்கா, சலம் மலம் கட்டுப்பாடு எப்பிடி, எழும்பி நிக்கேக்க தலை சுத்துதா, என்ன தொழில் செய்யிறவர், எந்தக் கையால எழுதுறவர். சர்ஜன்ர கடிதம் இல்லாம கழுத்தில கை வைக்க மாட்டம் எண்டு நேரா சொன்னவை. அந்த ஒரு வசனத்துக்காகவே அங்க போனம்.

விசா விசயம் கெதியா சொல்லிட்டுப் போறன். இந்தியாவுக்கு இ-மெடிக்கல் விசா எடுக்கலாம், 60 நாள், மூண்டு தரம் உள்ள போய் வரலாம். கூடப் போறவைக்கு தனியா அட்டெண்டன்ட் விசா, ஒரு நோயாளிக்கு ரெண்டு பேர் வரைக்கும் தான். ஆஸ்பத்திரியின்ர கடிதம் வேணும். பிளேன் ஒண்டரை மணித்தியாலம் கூட இல்லை, ஆனா வீல்செயார் உதவி முன்னமே கேட்டு வையுங்கோ, நடக்க ஏலும் எண்டாலும் கேளுங்கோ, கியூவில நிண்டு பாக் தூக்கிறது தான் கழுத்துக்கு கூடாது. கட்டுநாயக்கா வரைக்கும் ஹைவேயில குலுக்கல் இல்லாம போயிடலாம். சென்னையில இறங்கினாப் பிறகு தான் கவனம், ஆட்டோ வேண்டாம், குழியில விழுந்தா உயிர் போற மாதிரி நோகும், காரையே பிடியுங்கோ.

முதல் நாள் ஒரு பயிற்சியும் செய்யேல்லை. அரை நாள் முழுக்க அளந்தவை. முழங்கை மடிக்கிறது, மணிக்கட்டைத் தூக்கிறது, முழங்கையை நீட்டிறது, விரலை மடக்கிறது, சின்ன விரலை விரிக்கிறது, இப்பிடி ஒரு கையில அஞ்சு தசையை சைபரில இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுறது, ரெண்டு கைக்கும் சேத்து 50. உலகம் முழுக்க முதுகுத்தண்டு காயத்துக்கு இந்த முறை தானாம். தம்பிக்கு 29 வந்தது, அதிலயும் விரலுக்குத் தான் ஆகக் குறைவு. பிறகு பஞ்சாலயும் ஊசி முனையாலயும் உடம்பு முழுக்க தொட்டுத் தொட்டு எங்க தெரியுது எங்க தெரியேல்லை எண்டு படத்தில குறிச்சவை. ஒன்பது ஓட்டை உள்ள பலகை ஒண்டு, ஒன்பது குச்சியை ஒவ்வொண்டா போட்டு எடுக்க எவ்வளவு நேரம் எண்டு பாக்கிறது, சுகமான ஆள் இருவது செக்கன் மாதிரி எடுப்பார். தம்பி மூண்டு குச்சியோட நிண்டிட்டான். அவன்ர கண் கலங்கினதைப் பாத்திட்டு அந்த தெரபிஸ்ட் பிள்ளை பலகையை எடுத்து வைச்சிட்டு, "அண்ணா, இது பரீட்சை இல்ல, நாம எங்க இருந்து ஆரம்பிக்கிறோம்னு தெரியணும், அவ்வளவுதான்" எண்டு சொன்னது. முப்பது வயசு கூட இராது அந்தப் பிள்ளைக்கு. எங்களுக்கு அந்த இடத்தில கிடைச்ச ஆகப் பெரிய நன்மை அந்தப் பிள்ளை தான்.

நாளுக்கு நாலஞ்சு மணித்தியாலம் வேலை, நடுவில படுத்து ஓய்வெடுக்க நேரம். காலமை கழுத்தும் தோளும், பிறகு நடை, சமநிலை, சாப்பாட்டுக்குப் பிறகு முழுக்க கை. கரண்ட் மெசின் அங்கயும் இருந்தது, ஆனா பாவிச்ச விதம் முழுக்க வேற. இஞ்ச கரண்ட் வாற ஒட்டுத் துண்டை (பாட்) ஒட்டிப்போட்டு போயிடுவினம், அங்க முழங்கைக்குக் கீழ பாட் ஒட்டி, கரண்ட் வாற நேரம் பாத்து "இப்ப நீங்களும் சேர்ந்து தூக்கணும், நினைச்சுத் தூக்குங்க, தூக்குங்க, விடாதீங்க" எண்டு ஒவ்வொரு தரமும் பக்கத்தில இருந்து சொல்லுவா. மூளையில இருந்து வாற கட்டளையும் கரண்டும் ஒரே நேரத்தில அந்த தசைக்கு போனாத்தான் பலன், சும்மா கரண்ட் மட்டும் துடிக்க வைக்கிறதால கை வேலை பழகாது எண்டு விளங்கப்படுத்தினவா. ஒரு பேசினுக்குள்ள பயறு நிரப்பி அதுக்குள்ள அஞ்சு ரூபா காசு, பட்டன், திறப்பு எல்லாம் புதைச்சு வைச்சு கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுக்கச் சொல்லுவினம். முதல் கிழமை பயறுக்கும் பட்டனுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. நெருப்பு எரிவுக்கு டொக்டர் குளிசை எழுதினவர், ஆனா பயறுக்குள்ள கையை விட்டு விட்டு எடுக்க எடுக்க எரிவு தாங்கக்கூடியதா வருது எண்டு தம்பி சொன்னான்.

கழுத்துக்கு செய்த பயிற்சி ஒண்டைப் பாத்து நான் ஆச்சரியப்பட்டனான். பிரஷர் பாக்கிற மாதிரி ஒரு காத்துப் பை, நேரா படுத்திருக்கேக்க பிடரிக்குக் கீழ வைச்சு அதின்ர மீட்டர் முள்ளு 20க்கு வர காத்தடிப்பினம். நாடியை மெல்லமா உள்ளுக்கு இழுத்து, ஓம் எண்டு தலை ஆட்டிற மாதிரி ஒரு சின்ன அசைவு, முள்ளு 20ல இருந்து 22க்கு வரவேணும், பத்து செக்கன் அதிலயே நிக்கவேணும். அவ்வளவு தான் பயிற்சி. பாக்க ஒண்டுமில்லை, தம்பிக்கு நெத்தி வேர்த்திட்டுது. முன் கழுத்தில ரெண்டு பக்கமும் தடிச்சுத் தெரியிற தசை துடிச்சா அந்தப் பிள்ளை உடன நிப்பாட்டிடும், ஏனெண்டா உள்ளுக்க எலும்போட ஒட்டியிருக்கிற சின்னத் தசை தான் வேலை செய்யவேணும், வெளித்தசை களவா உதவி செய்தா கழுத்து இன்னும் இறுகும். கொலர் கனகாலம் போட்டா அந்த உள்தசை தான் மெலிஞ்சு போறது. 22, 24 எண்டு படிப்படியா ஏத்தினவை. கழுத்து பாரம் குறைஞ்சு நிமிந்து இருக்கத் தொடங்கினது இதால தான் எண்டு நான் நம்புறன். இதுக்கு பெரிய மெசின் ஒண்டும் தேவைப்படேல்லை, தெரிஞ்ச கண் ஒண்டு பக்கத்தில இருக்கவேணும்.

ரெண்டாம் கிழமை மாதிரி அந்தப் பிள்ளை தம்பியிட்ட கடையில என்ன என்ன செய்வீங்கள் எண்டு ஒண்டு ஒண்டா கேட்டு எழுதினது. துணிக்கட்டை உருட்டுறது, கெஜக்கோலால அளக்கிறது, வெட்டுறது, மடிக்கிறது, காசு எண்ணுறது, பில் எழுதுறது. அடுத்த நாள் போனா மேசையில ரெண்டு மீட்டர் பருத்தித் துணி, ஒரு கத்திரிக்கோல். கைபிடிக்கு நுரை சுத்தி தடிப்பாக்கி வைச்சிருந்தவை. முதல்ல பேப்பர், பிறகு தடிச்ச அட்டை, பிறகு தான் துணி, ஏனெண்டா துணி வழுக்கும். தம்பி கத்திரியைத் திறக்கத் தான் கஷ்டப்பட்டான், மூட இல்லை. விரலை விரிக்கிற தசை தான் பின்தங்கியிருக்கு எண்டு அதிலயே பிடிச்சு, அண்டைக்கு பின்னேரமே பயிற்சியை மாத்தி, விரலுக்கு ரப்பர் பாண்ட் போட்டு விரிக்கிறது கூட்டினவை. அந்த இடத்தைப் பற்றி ஆர் கேட்டாலும் நான் இந்த நாளைத் தான் சொல்லுவன். அவன்ர தொழிலைக் கேட்டு, அதையே மருந்தாக்கி, அதிலயே நோயையும் கண்டுபிடிச்சவை. ஹொட் பாக்கும் பந்தும் குடுத்த இடத்தில ஆரும் அவன் என்ன வேலை செய்யிறவன் எண்டு கேக்கவே இல்லை.

இனி குறை. கையை தானா விரிச்சு மூடிற ரோபோ கையுறை ஒண்டு, அதுக்கு தனிக் காசு, அதுவும் நல்ல விலை. விளம்பரத்தில பெரிசா போட்டிருக்கினம். சில நாள் பாவிச்சம், மெசின் விரலை மடக்குது நீட்டுது, தம்பி அந்த நேரம் டீவியைப் பாத்துக்கொண்டு இருக்கிறான். அசைவே இல்லாத கைக்கு அது உதவலாம், ஏற்கனவே அசையிற கைக்கு ஆள் பக்கத்தில இருந்து செய்யிறது தான் மேல் எண்டு சொல்லி நான் நிப்பாட்டிப் போட்டன், நிப்பாட்டினதால ஒரு குறையும் வரேல்லை. ஞாயிறு தெரபி இல்லை, ஆனா பக்கேஜ் காசு ஞாயிறுக்கும் எடுத்தவை, இதை முதல்ல சொல்லேல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு தெரபிஸ்ட் எண்டு சொன்னது காலமை சரி, பின்னேரம் ஒரு ஆள் ரெண்டு மூண்டு பேரைப் பாத்தவா. அந்தப் பிள்ளை லீவில போன கிழமை வந்த புது ஆள் ஃபைலை வாசிக்காமலே தொடங்கப் பாத்தவர், பிளேட் இருக்கிற கழுத்தைத் திருப்பப் போனவரை நான் கையைப் பிடிச்சு நிப்பாட்டினனான். பிறகு மேல உள்ளவையோட கதைச்சு எழுத்தில முறைப்பாடு குடுத்தன், மன்னிப்புக் கேட்டு வேற ஆளைப் போட்டவை. கூடப் போறவை கண்ணை எடுக்கக் கூடாது எண்டது இதுக்குத் தான். கடைசி பில்லில பாட், ரப்பர் பாண்ட், கையுறை எண்டு சில்லறைச் சாமான் எல்லாம் சேந்து வந்தது, அவையின்ர ஒரு ரூபா எங்கட மூண்டு ரூபாவுக்கு மேல எண்டதால சில்லறையும் சில்லறையா இருக்கிறேல்லை. தங்கிற செலவு சொந்தக்காரரால மிச்சம், இல்லாட்டி வாடகையும் சாப்பாடும் தான் பிஸியோ காசை விட கூட வந்திருக்கும்.

இன்னொண்டு. போக முதல் எங்கட ஆக்களே ஒரு எண்ணெய் பிடிக்கிறவரின்ர நம்பர் தந்தவை, கழுத்தை ஒருக்கா முறிச்சு விட்டா நரம்பு திறக்குமாம். தயவு செய்து வேண்டாம். அடிபட்ட கழுத்தை, அதுவும் உடைவு இருந்த கழுத்தை சட்டெண்டு திருப்பினா தண்டு நரம்பும் மூளைக்குப் போற ரத்தக்குழாயும் காயப்படும், கை மட்டும் போன ஆள் முழுக்கப் படுக்கையில விழலாம். கை கால் பெலவீனம் திடீரெண்டு கூடினா, நடை தள்ளாடினா, சலம் கட்டினா பிஸியோவுக்கும் போகவேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்கு போங்கோ.

பலன் என்ன எண்டு தானே பாப்பீங்கள். ஒண்டரை மாசத்துக்கு கொஞ்சம் கூட நிண்டம். 50க்கு 29 இருந்த கை மார்க் 38 ஆச்சு. ஒன்பது குச்சியும் போட்டு எடுக்க ஒரு நிமிசத்துக்கு கொஞ்சம் மேல. கரண்டி பிடிக்கிறான், பெரிய பட்டன் போடுறான், சின்ன பட்டன் இன்னும் இல்லை. எரிவு முழுக்கப் போகேல்லை. அதில கொஞ்சம் இயற்கையா வந்திருக்கவும் கூடும், அந்த மாசங்கள்ல எப்பிடியும் கொஞ்சம் முன்னேற்றம் வரும், முழுக்க அவையாலதான் எண்டு சொல்லேலாது. ஆனா என்ன குறைபாடு, எதை எப்பிடிப் பழக்கிறது எண்டு எங்களுக்கு தெரிஞ்சது அவையாலதான், அதில எனக்கு சந்தேகமே இல்லை. தமிழ்லயே எல்லாம் கதைச்சதும் பெரிய உதவி, எங்க எப்பிடி நோகுது எண்டு தம்பி ஒளிக்காம சொன்னான், இங்கிலீஷ்ல எண்டா பாதியை விழுங்கியிருப்பான்.

போக நினைக்கிறவை திரும்பி வந்தாப் பிறகு ஆர் பாக்கிறது எண்டதை போக முதலே முடிவெடுங்கோ. நாங்கள் பம்பலப்பிட்டியில ஒரு பிஸியோ அக்காவோட முன்கூட்டியே கதைச்சு வைச்சம், சென்னைப் பிள்ளை அவாவோட வீடியோ கோல்ல அரை மணித்தியாலம் கதைச்சு ஒவ்வொரு பயிற்சியையும் காட்டிக் குடுத்தது, அதுக்கு காசு எடுக்கேல்லை. டிஸ்சார்ஜ் ரிப்போட் மட்டும் கேட்டுக் கேட்டு தான் வந்தது, அதை கையில வாங்காம பிளேன் ஏறாதீங்கோ, அதில முதல் நாள் மார்க்கும் கடைசி நாள் மார்க்கும் ரெண்டும் இருக்கோ எண்டு பாருங்கோ, எக்ஸ்ரே எம்ஆர்ஐ எல்லாம் சீடியில கேளுங்கோ. பயிற்சி செய்யிறதை போன்ல வீடியோ எடுக்க விடுவினம், ஒவ்வொண்டையும் எடுங்கோ, பேப்பரில கீறித் தாற படம் வீட்டை வந்தாப் பிறகு விளங்காது. இப்ப தம்பி பின்னேரத்தில ரெண்டு மணித்தியாலம் கடையில நிக்கிறான், பொடியன் துணி வெட்ட இவன் அளக்கிறான், அடுத்த மாசம் பம்பலப்பிட்டி அக்கா திரும்ப 50க்கு மார்க் போடுவா.